மூடாத கண்ணாடி

தங்கை அந்தப் பழைய ஜீப்பைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி மூன்றுதான். ஆனாலும் மலையிலிருந்து இறங்கியிருந்த மூடுபனியில் பொழுது சாய்ந்துவிட்டாற்போல இருந்தது. முன்விளக்குகள் இரண்டும் மங்கலாக மஞ்சளடித்தன. இஞ்சின் ஒருமுறை இருமி, ஒருமுறை குலுங்கி, மனசில்லாமல் நின்றது.

அண்ணனை ஊரில் எல்லாரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக ரேடியேட்டர் ஓட்டைகளுக்கு ஈயப் பற்று வைப்பதே அவர் பிழைப்பு. 'பத்த வைக்கிறவர்' என்று சொன்னால் கலகம் மூட்டுகிறவர் என்று அர்த்தமாகிவிடும் என்பதால், யாரோ ஒரு புண்ணியவான் ஈயம் என்று ஆரம்பித்து அதுவே ஒட்டிக்கொண்டது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்தத் தங்கையும் அவள் ஆறு வயது மகள் சுண்டெலியும்தான். தங்கையின் கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் ஒரு மாதம்தான் அவன் தரையில் இருப்பான்.

"எப்படிண்ணே இருக்கு நம்ம வண்டி?"

"வண்டியா? நீ ஏதோ பீரங்கியைத் தள்ளிக்கிட்டு வர்றேனு நினைச்சேன்."

"கிண்டல் பண்ணாதே. திங்கட்கிழமை நான் கணவாய்க்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரணும். அந்த ரோட்டுல இதை விட்டா வேற கார் எதுவும் ஏறாது." அவள் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஹீட்டர்தான் வேலை செய்யல. கண்ணாடியும் மூடி நிக்க மாட்டேங்குது. மூடுறோம், கொஞ்ச தூரம் போனதும் தானா நகர்ந்து திறந்துக்குது. எனக்குப் பரவாயில்ல, இவளுக்குத்தான் பயமா இருக்கு."

சுண்டெலி அதற்குள் மாமாவின் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தால் போதும், அவள் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். குளிர்காற்று கொஞ்சம் அதிகமாகப் பட்டால் அந்த விசில் இரைப்பாக மாறி, உதடு நீலம் பாரித்துவிடும். போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஹீட்டர் என்பது இவளுக்குச் சொகுசு அல்ல, உயிர்.

"மாமா இருக்கேன்ல. உன்னை இட்லிப் பானைக்குள்ள உட்கார வச்ச மாதிரி அனுப்புறேன் பாரு," என்றபடி ஈயம் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

ஹீட்டர் பெட்டியைத் தாங்கியிருந்த தகடு கம்பெனித் தகடு அல்ல. யாரோ ஒரு பழைய சாலைப் பலகையை வெட்டி, வளைத்து, மாட்டியிருந்தார்கள். துருவுக்கு நடுவே சிவப்பு வளையத்தில் பாதியும், ஒரு அம்புக்குறியின் வாலும் இன்னும் தெரிந்தன.

அந்தப் பலகையை வெட்டியவர் அவர்தான்.

"இதை யார்கிட்ட வாங்கினே?"

"ஏலத்துல எடுத்த ஒருத்தர்கிட்ட. பச்சைப் பெயின்ட் அடிச்சு, நம்பரெல்லாம் மாத்தி வச்சிருந்தார். ஏன்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. குனிஞ்சதுல தலை சுத்திருச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் வர்றேன்."

அவர்கள் பின்கட்டில் இருந்த வீட்டுக்குப் போனதும் ஈயம் பட்டறையில் தனியே நின்றார். பதினெட்டு வருடத்துக்கு முன் இந்த வண்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் நிலம் அளக்கப் போன ஒரு சர்வேயருடையது. அவர், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஹீட்டரில் ஒழுக்கு என்று வந்தார்கள். ஈயம்தான் பற்று வைத்து, "கண்ணாடியெல்லாம் நல்லா மூடிக்கிட்டு சுகமாப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கணவாயில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. மூன்றாம் நாள் ஆட்கள் போய்ப் பார்த்தபோது நான்கு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். குளிரில் விறைத்துவிட்டார்கள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். தூக்கி வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் பட்டறைக்கு வந்து சொன்னதை ஈயம் மறக்கவே இல்லை. முகமெல்லாம் தூங்குகிற குழந்தை முகம் போலச் சிவந்திருந்ததாம். அந்த அம்மாவின் கை மட்டும் கண்ணாடிக் கொக்கியைப் பிடித்தபடி இருந்ததாம். குளிருக்கு இன்னும் இறுக்கி மூடப் பார்த்திருப்பாள் பாவம், என்றார் டிரைவர்.

அன்றிலிருந்து ஈயத்தின் நெஞ்சில் ஒரு முள். தன் பற்று விட்டுப்போயிருக்கும், தண்ணீர் ஒழுகி ஹீட்டர் அணைந்திருக்கும், அதனால்தான் விறைத்தார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும், தங்கையிடம்கூட, வாயைத் திறக்கவில்லை. இன்று அந்த வண்டி தன் காலாலேயே நடந்து வந்த மாதிரி வாசலில் வந்து நிற்கிறது.

அதன் கண்ணாடிகள் ஏற்றி இறக்குகிற வகை அல்ல. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற வகை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பனி உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று நான்கையும் தள்ளி மூடிக் கொக்கியைப் போட்டார். பட்டறை விளக்கை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்.

திரும்பினார். வண்டி அப்படியேதான் நின்றது. டார்ச்சை அடித்தார். பின்பக்கக் கண்ணாடி முழுதாகத் திறந்து கிடந்தது.

பழைய கொக்கி, தேய்ந்திருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கினார். பயம் ஒரு பக்கம். ஆனால் பதினெட்டு வருடமாகத் தெரியாமல் கிடந்த பதில் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்கிற அரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. இஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவரும் ரப்பர் குழாய்களைக் கழற்றினார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து நான்கு போல்ட்டுகளையும் எடுத்தார். பெட்டி மடியில் விழுந்தது. உள்ளே இருந்த குட்டி ரேடியேட்டரை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

அவர் வைத்த பற்று அப்படியே இருந்தது.

நம்ப முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துப் பார்த்தார். குமிழி வந்தது. ஆனால் அவர் பற்று வைத்த இடத்தில் இல்லை, ஒரு சாண் தள்ளி, வயதாகி அரித்துப்போன வேறொரு குழாயில். இன்னொரு தரம் முக்கினார். மூன்றாம் தரம் முக்கினார். அவர் பற்றில் ஊசி முனை அளவுகூடக் கசிவில்லை.

"விடல," என்றார். "என் பத்து விடல!"

பெரிய ஆண்பிள்ளை, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார். பதினெட்டு வருடப் பாரம் தோளிலிருந்து இறங்கியிருந்தது. அன்று காலை அவரைப் பார்த்தவர்கள், மனுஷனுக்கு லாட்டரி விழுந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள்.

பாட்டுப் பாடிக்கொண்டே மீதி வேலையைச் செய்தார். அரித்த குழாய்க்குப் பற்று வைத்தார். ஒரு பழைய நீலப் படுக்கை விரிப்பை மூன்றாகக் கிழித்துக்கொண்டு, இஞ்சின் பக்கம் முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் துடைத்தார். இஞ்சினும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் லேசான புகைக் கசிவு இருந்தது. போல்ட்டுகளை இறுக்கியும் முழுதாக நிற்கவில்லை. அந்த வயது வண்டியில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம், வெளியே போகிற புகை வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டார். பெட்டியை மாட்டினார், குழாய்களைச் சொருகினார், பட்டறைக் கதவுகளை அகலத் திறந்துவைத்து இஞ்சினைக் கிளப்பினார்.

கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து விசிறியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கால்மாட்டில் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. காற்று கொஞ்சம் மந்தம்தான். கிழட்டு மோட்டார் வேறெப்படி வீசும்? சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார்.

இதமான சூடு. இதமான இருட்டு.

சர்ர்ர்.

காதோரம் சுரீரென்று குளிர் அடித்தது. கண்ணைத் திறந்தார். அவர் பக்கத்துக் கண்ணாடி திறந்திருந்தது.

சர்ர்ர். அடுத்தது.

சர்ர்ர். சர்ர்ர்.

பின்னால் இரண்டும்.

அடித்துப்பிடித்துக்கொண்டு வெளியே குதித்தார். நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பயத்தில் ரத்தம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இஞ்சினை நிறுத்தி, முகத்தில் தண்ணீரை வாரி அடித்தார். வீட்டுப் பக்கமிருந்து சுண்டெலியின் இருமல் கேட்டது. விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக.

திறந்த கண்ணாடியோடு இவளைக் கணவாய்க்கு அனுப்ப முடியாது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு துளைபோடும் கருவியை எடுத்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் மூடி, அது ஓடுகிற தடத்தில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டால் பிறகு எந்தக் கொம்பனாலும் நகர்த்த முடியாது.

முன்பக்கம் இரண்டும் சுலபமாக முடிந்தன. பின்பக்கத்துக்கு வெளியே நின்றபடி முடுக்க வேண்டியிருந்தது. ஸ்க்ரூ பாதி இறங்கியதும் நின்றது. அழுத்தித் திருப்பினார்.

அது எதிர்ப்பக்கம் திரும்பியது.

அவர் கைக்குள்ளேயே, மெதுவாக, யாரோ கழற்றுவது போல.

உள்ளே யாருமில்லை. இருக்கைகள் காலி. ஆனால் கண்ணாடியின் உள்பக்கத்தில், சுண்டெலி உட்கார்ந்தால் அவள் வாய் வருகிற உயரத்தில், வட்டமாக ஆவி படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது. அதன் அருகிலேயே இன்னொரு வட்டம்.

தட்.

சின்ன விரல் முட்டி கண்ணாடியில் தட்டுகிற சத்தம்.

தட். தட். தட்.

 ஈயம் ஓடவில்லை. காலையில் கிடைத்த பதில் அவருக்குத் தைரியம் கொடுத்தது. கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், "என் மேல தப்பில்ல," என்று கிசுகிசுத்தார். "சத்தியமா இல்ல. நான் பார்த்துட்டேன். என் பத்து விடவே இல்ல. நீங்க போயிடுங்க."

தட்டுவது நின்றது.

முழு பலத்தையும் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினார். நான்காவதையும் முடுக்கினார். கண்ணாடிகள் அதன்பிறகு அசையவில்லை.

பதினொரு மணிக்குத் தங்கை மூட்டைகளை ஏற்றினாள். சுண்டெலிக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டி முன்னால் உட்கார வைத்தாள். ஹீட்டர் காற்று பட்டதும் குழந்தை இரண்டு கைகளையும் அதில் காட்டிச் சிரித்தாள்.

"இந்த வயசுலயும் உன் கை சுத்தம்ணே," என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது.

"கண்ணாடி இனி அசையாது. நல்லா மூடிக்கிட்டு..." ஏனோ அவரால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "சுண்டெலி, போனதும் மாமாவுக்குப் போன் பண்ணு."

ஜீப் வளைவில் திரும்பி மூடுபனிக்குள் கரைந்தது. அவர் பட்டறைக்கு வந்து ஒரு கோப்பை காபியைப் போட்டுக் குடித்தார். பாத்திரங்களைக் கழுவினார். பிறகு, பட்டறையை ஒழுங்குபடுத்தலாம் என்று தரையில் கிடந்த அழுக்குத் துணிகளைப் பொறுக்கினார்.

நீலத் துணி ஒன்று. இரண்டு.

மூன்று துண்டாகக் கிழித்தது நினைவிருந்தது. பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

அப்புறம்தான் உறைத்தது.

இஞ்சின் பக்கம் கழுவும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முன் கிரில்லுக்குப் பின்னால் வெளிக்காற்றுக் குழாயின் வாய் இருக்கிறது. விசிறி அந்தக் குழாய் வழியாகத்தான் நல்ல காற்றை இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, உள்ளே அனுப்பும். கழுவுகிற தண்ணீர் அதற்குள் போகாமல் இருக்க, ஒரு துணியைச் சுருட்டி, நடுவில் இரட்டை முடிச்சுப் போட்டு, குழாயின் வாயை அடைத்துவிடுவார். கழுவி முடித்ததும் எடுத்துவிடுவார்.

இன்று எடுக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

வழி அடைந்தால் விசிறி சும்மா இருக்காது. கிடைக்கிற இடுக்கு வழியாக இழுக்கும். கிடைக்கிற இடுக்கெல்லாம் இஞ்சின் பக்கம்தான் இருக்கின்றன. அங்கே சைலன்சர் கசிகிறது. அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான்.

நான்கு கண்ணாடிகளையும் ஸ்க்ரூ போட்டு மூடி அனுப்பியிருக்கிறார்.

போன் போட்டார். மணி போகவே இல்லை. மலையில் டவர் கிடையாது. பைக்கை உதைத்தார். அது கிளம்புவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் மலையேறினார். மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும், பள்ளத்தில் ஒரு பச்சை வண்டி கிடக்குமோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். சுண்டெலி, சுண்டெலி என்று வாய் தன்னால் முணுமுணுத்தது.

கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் சாலைத் தடுப்பு போட்டிருந்தார்கள். மேலே மண் சரிந்து அள்ளிக்கொண்டிருக்கிறார்களாம். ஏழெட்டு லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஒரு தகர டிரம்மில் தீ மூட்டிச் சுற்றி நின்றார்கள்.

"பச்சை ஜீப்பா? ஒரு அம்மாவும் குழந்தையும்? முன்னாடி ஓரமா நிக்குது. ஒரு மணி நேரமா இஞ்சினை நிறுத்தாம போட்டு வச்சிருக்காங்க," என்றார் ஒரு லாரிக்காரர்.

பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார்.

முதலில் இஞ்சின் சத்தம்தான் கேட்டது. சீராக, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வண்டி தெரிந்தது. பிறகு கண்ணாடிகள்.

நான்கும் முழுதாகத் திறந்து கிடந்தன.

"வாண்ணே, வா!" தங்கை குழந்தையைத் தன் கோட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் குரல் நடுங்கியது. "என்ன வேலை பண்ணி வச்சிருக்கே நீ? கிளம்பினதிலிருந்து தலைவலி. இவ வாந்தி வேற எடுத்துட்டா. சரி, கொஞ்சம் கண்ணை மூடலாம்னு சாய்ஞ்சேன். தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம். டப்புனு என்னமோ மடியில வந்து விழுது. பார்த்தா உன் ஸ்க்ரூ! ஒவ்வொண்ணா நாலும் கழண்டு விழுந்துருச்சு. நான் மூட மூட இது திறக்குது!"

அவர் உள்ளே கையை விட்டார். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். இருவரையும் இழுத்துக்கொண்டு போய் லாரிக்காரர்களின் தீயருகே உட்கார வைத்தார். சுண்டெலி மூச்சு இரைத்தாள், ஆனால் விழித்திருந்தாள். "மாமா, நீ ஏன் அழுறே?" என்று கேட்டாள்.

திரும்பி வந்து கிரில்லைக் கழற்றி, குழாய்க்குள் கையை விட்டார். துணியை விசிறி உள்ளே இழுத்திருந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவி, நுனியைப் பிடித்து இழுத்தார். நீலத் துணி, இரட்டை முடிச்சு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுமூச்சு விட்டார். தப்பித்தார்கள். யார் செய்த புண்ணியமோ.

வேறு ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறை கையை விட்டார். தோள் வரை விட்டார். குழாய் வளைகிற இடத்தில் விரல் நுனிக்கு ஏதோ தட்டுப்பட்டது. மரக்கட்டை போலக் கெட்டியாக இருந்தது. பிய்த்துப் பிய்த்து, நகம் கிழிய, வெளியே கொண்டுவந்தார்.

கரி படிந்து கல்லாகிப்போன ஒரு துணி. அழுக்குக்கு அடியில் மஞ்சள் பூக்கள். நடுவில் இரட்டை முடிச்சு.

அவர் வீட்டில் ஒரு காலத்தில் மஞ்சள் பூப்போட்ட விரிப்பு ஒன்று இருந்தது.

அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் கை கொக்கியில் இருந்தது மூடுவதற்காக அல்ல. அவர்கள் குளிரில் சாகவில்லை. அவர் ரிப்பேர் செய்த ஹீட்டர், கடைசி வரை, மிக நன்றாக வேலை செய்திருக்கிறது.

தங்கை வந்து பக்கத்தில் நின்றாள். இந்த முறை அவர் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். 

"எத்தனை பேர்ண்ணே?"

"நாலு."

"சின்னப் பிள்ளைங்க?"

"ரெண்டு."

அவள் திறந்து கிடந்த கண்ணாடிகளைப் பார்த்தாள். "அப்ப, எங்களை..." என்று ஆரம்பித்தவள், தோளில் கிடந்த குழந்தையின் குல்லாயைக் காது மறையும்படி இழுத்துவிட்டாள். 

தடுப்பைத் தூக்கினார்கள். திரும்பிப் போக இடமில்லாதபடி பின்னால் லாரிகள் அடைத்து நின்றன. சுண்டெலியின் விசில் கூடிக்கொண்டே போனது. குழாய் இப்போது சுத்தம், காற்று நல்ல காற்று. ஈயம் தானே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஹீட்டரைப் போட்டார். காற்று பலமாக, சூடாக வந்தது.

"கண்ணாடியைத் தொடாதே," என்றார் தங்கையிடம். "குளிர்ந்தாலும் பரவாயில்ல."

கணவாயைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியதும் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்.

பின்னால் இடது கண்ணாடி மூடிக்கொண்டது. பிறகு வலது. தங்கை அவருடைய கையை இறுகப் பிடித்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடி அவள் கண்ணெதிரே மெல்ல நகர்ந்து மூடியது. கடைசியாக அவர் பக்கம்.

 வண்டிக்குள் சூடு ஏறியது. சுண்டெலியின் நெஞ்சு விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அவள் தூங்கிப்போனாள். ஈயம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையின் விரலை அவள் மூக்கருகே வைத்தபடியே வந்தார். மூச்சு சீராக வந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பொழுது மங்குகிற நேரத்தில் பள்ளிக்கூடத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் கதவு எப்போதும் போலத் திறந்து, அவள் இறங்கியதும் டக்கென்று தானாகச் சாத்திக்கொண்டது.

ஈயம் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. விசிறி நிற்கவில்லை.

கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். கண்ணாடியைத் தள்ளினார். ஸ்க்ரூ எதுவும் இல்லாத கண்ணாடி, சுவரோடு சுவராக நின்றது. வெளியே தங்கை கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! அண்ணே! கல்லெடுத்து உடைக்கட்டுமா?"

அவருக்குப் பின்னால் இருக்கை முனகியது. கனமானவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால் வருகிற முனகல். பிடரியில் மூச்சு பட்டது. சூடாக இல்லை. கண்ணாடிகளில் வட்டம் வட்டமாக ஆவி படியத் தொடங்கி, வெளியே தங்கையின் முகம் மறைந்தது.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"உடைக்காதே," என்றார் உரக்க. "குழந்தையை உள்ள கூட்டிட்டுப் போ. நான் இவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

 நேராகப் பார்த்தபடியே பேசினார்.

"காலையில உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். பொய்னு தெரியாம சொன்னேன். துணி என்னுது. முடிச்சு என்னுது. அடைச்சது நான்தான், எடுக்க மறந்ததும் நான்தான். நீங்க நாலு பேரும் என்னாலதான் செத்தீங்க. நான் இத்தனை வருஷமா காத்துல மூச்சு விட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தேன்."

விசிறி நின்றது. வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து, அவர் காதோரம், சர்ர் என்று கண்ணாடி நகர்ந்தது. வெளிக்காற்று சில்லென்று உள்ளே வந்து அவர் முகத்தில் பட்டது. அவர் அதை ஆவலாக, வாய் திறந்து, உள்ளே இழுத்தார்.

ஒரு விரற்கடை அளவு.

அதற்கு மேல் அது திறக்கவில்லை.